வசனம் அனுப்புவதை நிறுத்தட்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. பெங்களூரில் வேலை. சண்டே ஸ்கூலில் வசனப் போட்டிக்குப் பரிசு வாங்கிய பையன், கல்லூரிக்குப் போனபின் கோயிலுக்கே வருவதில்லை. எட்டு வருஷமாக ஜெபிக்கிறேன். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புவேன். ஒருமுறை சண்டை வந்தபோது, 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்று அனுப்பினேன். உபவாச ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். அதுவும் அவன் காதுக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்தவன், "இனிமே வசனம் அனுப்பாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் சொல்லாமல் இருந்தால் பாவமில்லையா? இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பிரியமான சகோதரிக்கு,

நிறுத்துங்கள். ஜெபத்தைச் சொல்லவில்லை, காலையில் போகிற அந்த வசனத்தைச் சொல்கிறேன். நாளைக்கே நிறுத்துங்கள்.

மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் பேதுரு எழுதியதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். நம்முடைய நம்பிக்கையைக் குறித்து 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்' என்கிறார். 'ஆயத்தமாயிருங்கள்' நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'கேட்கிற' என்பதைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். உங்கள் மகனுக்குச் சுவிசேஷம் தெரியாமல் இல்லை. இப்போது அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கத் தோன்றுகிற அன்றைக்கு, "அம்மாகிட்ட கேட்கலாம்" என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். அந்த வழியை அடைத்துவிடாமல் வைத்திருப்பதுதான் இன்றைக்கு உங்கள் ஊழியம்.

மோனிக்காவை அறிந்திருப்பீர்கள், பழைய காலத்துத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய். மகன், ஒளி, இருள் என்று இரண்டு சக்திகளை நம்பிய மானிகேய மதத்தில் சேர்ந்தபோது, அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவே முதலில் மறுத்தவர் அவர். அப்புறம் ஒரு கனவு கண்டார்: நீ இருக்கிற இடத்தில் அவனும் இருப்பான் என்று அதில் ஆறுதல் கிடைத்தது. அதன் பிறகு மகனை வீட்டுக்குள்ளும் பந்திக்கும் சேர்த்துக்கொண்டார். மகன் மாறிவிட்டதால் இல்லை. அவன் மாற அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது. ஒரு பேராயரிடம் போய், "அவனிடம் நீங்கள் பேசுங்கள்" என்று கெஞ்சியிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் ஏறாது, ஜெபம் மட்டும் பண்ணு, படித்துப் படித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். விடாமல் அழுதபோதுதான், இத்தனை கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 383-ஆம் வருஷத்து இரவு ஒன்று. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றாலயத்தில் அந்தத் தாய், மகன் இத்தாலிக்குப் போய்விடக் கூடாது என்று ராமுழுக்க அழுது ஜெபிக்கிறார். மகனோ பொய் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிடுகிறான். காலையில் கரையில் நின்றபோது அந்த ஜெபம் தோற்றது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த இத்தாலியில், மிலான் நகரத்தில்தான் அந்த ஊர்ப் பேராயர் அம்புரோஸைச் சந்தித்தான். அம்புரோஸ் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதால்தான் முதலில் அவரைப் பிடித்துப்போனது என்று அகஸ்டினே எழுதியிருக்கிறார். 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம். பின்னால் போய்ச் சேர்ந்திருந்த தாய் அதைக் கண்ணால் பார்த்தார். அதே வருஷம், தன் 56-ஆவது வயதில் காலமானார்.

உங்கள் மகனின் அம்புரோஸ் பெங்களூரில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். அது நீங்களாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், சகோதரி. எத்தனை வருஷம் என்று என்னாலும் சொல்ல முடியாது.

என் அம்மா விடியற்காலையில் அடுப்படித் தரையில் முழங்கால் போட்டு, மெதுவாக ஜெபிப்பார். நான் கோயில் பக்கமே போகாத காலம் அது. ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். என் பெயரும், நான் அரியர் வைத்திருந்த பேப்பரின் பெயரும், என் இருமலும் அதில் இருந்தன. என்னைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. நான் கேட்டது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எந்தப் பிரசங்கமும் என்னை அந்த அளவுக்குத் தொட்டதில்லை.

சரி, இனி என்ன செய்யலாம்? சண்டையில் அனுப்பிய அந்த வசனத்துக்காகவும், கூட்டத்தில் அவன் பெயரைச் சொன்னதற்காகவும் மன்னிப்புக் கேளுங்கள். போனிலேயே கேட்கலாம். "அம்மா அப்படிச் செய்திருக்கக் கூடாதுப்பா" என்றால் போதும். பின்னால் 'ஆனாலும்' வேண்டாம். வசனம் போன நேரத்தில் மாடியில் காயப்போட்ட வடகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். வேலைக் கஷ்டம் சொன்னால் முழுசாகக் கேளுங்கள், "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று உடனே முடிக்காதீர்கள். கோயிலில் என்ன நடந்து அவன் விலகினான் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கலாம்.

ஈஸ்டருக்கு வந்தால், ஆராதனைக்கு வரச் சொல்லி எழுப்ப வேண்டாம். நீங்கள் போய்விட்டு வந்து, அவன் எழுந்ததும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

அவன் பெயரை எனக்கும் எழுத வேண்டாம். 'பெங்களூரில் இருக்கிற பையன்' என்று என் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.