நான்கு விரல் விலகல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 21 வயது. 63.5 கிலோ எடையில் அமெச்சூர் குத்துச்சண்டை வீரன். இன்னும் சில மாதங்களில் தொழில்முறைக்கு மாறப்போகிறேன். என் பயிற்சியாளர், முதலில் அடி வாங்காமலிருக்கக் கற்றுக்கொள் என்கிறார். போட்டிகளை ஏற்பாடு செய்பவரோ, நீ நழுவுவதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள், நின்று அடி என்கிறார். விறுவிறுப்பையும் தற்காப்பையும் என்ன விகிதத்தில் கலப்பது? எழுபதுக்கு முப்பதா, பாதிக்குப் பாதியா? எனக்குத் தாடை உறுதி, இதுவரை விழுந்ததே இல்லை. ஆகவே இரண்டு வாங்கி மூன்று கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். இரண்டு கைகளையும் முகத்தோடு ஒட்டி உயர்த்திப் பிடித்தால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) எதுவும் உள்ளே வருவதில்லை. வலது கால் முன்னே வரும் சவுத்பா நிலையிலும் நிற்கப் பழகலாமா? எடையைக் குறைத்து ஒரு பிரிவு கீழே இறங்கலாமா? எல்லாக் காலத்திலும் சிறந்தவர் மேவெதர்தானா? மூன்று ரவுண்டு ஸ்பாரிங் காணொளி ஒன்றை இணைத்திருக்கிறேன். என் பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இரண்டு பழைய சண்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டிருப்பதற்கான பதில் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். மேவெதர் எல்லாரிலும் சிறந்தவரா என்ற விவாதத்தால் உங்கள் காலோ கையோ ஓர் அங்குலம்கூடத் தேறாது, விடுங்கள். எடை விஷயத்தை மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் கேளுங்கள். சவுத்பா இப்போது வேண்டாம். முதலில் ஒரு நிலையில் உங்கள் கால் சரியாக ஊன்றட்டும்.

ஆனால் அந்தத் ‘தாடை உறுதி’ என்ற வரியை ஒதுக்கமாட்டேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தாடை உறுதி என்று ஒன்றைப் பயிற்சியால் வளர்க்க முடியாது. கழுத்துத் தசையை வலுப்படுத்தலாம், அது ஓரளவு உதவும். அவ்வளவுதான். பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் ஹூக் தாடையில் படும்போது தலை சட்டென்று திரும்புகிறது, மண்டைக்குள் மூளை அதற்குப் பின்னால் இழுபட்டுத் திரும்புகிறது. மயக்கம் அங்கேயிருந்து வருகிறது. நீங்கள் இதுவரை விழாததற்குக் காரணம், நீங்கள் பார்க்காத அடி ஒன்று இன்னும் உங்கள் மேல் சரியாகப் படவில்லை என்பதுதான். பார்த்து வாங்கும் அடிக்குக் கழுத்து தானாக இறுகும். பார்க்காத அடிக்கு இறுகாது. விழாமல் வாங்கிய அடிகளும் கணக்கில் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். ‘இரண்டு வாங்கி மூன்று கொடுப்பேன்’ என்பதைத் தயவுசெய்து இனி எங்கும் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

உயர்த்திப் பிடித்த கையில் எதுவும் நுழையவில்லை என்கிறீர்கள். காணொளியில் நீங்கள் போட்டிருப்பது 16 அவுன்ஸ் கையுறை. தொழில்முறையில் உங்கள் எடைக்கு 8 அவுன்ஸ். பாதி எடை, சின்ன அளவு. இன்று கையுறைக்கும் கையுறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் சந்து அன்று திறந்திருக்கும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும் அப்படித்தான். தடுத்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும் குத்து, உங்கள் கையுறையையே உங்கள் நெற்றியில் மோதவைக்கும். கையைச் சுவராக்கி நிற்பவர்கள் தொழில்முறையின் முதல் நான்கு ரவுண்டு சண்டையிலேயே தடுமாறுவதற்கு இது முக்கியமான காரணம்.

இனி அந்த இரண்டு சண்டைகள். மெல்ட்ரிக் டெய்லர், பெர்னெல் விட்டேக்கர். இருவரும் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள். தொழில்முறையில் இருவரும் ஜார்ஜ் பென்டனிடம் பாடம் கேட்டவர்கள். பென்டன் ஃபிலடெல்ஃபியாக்காரர், தன் காலத்தில் தொடுவதற்கே கடினமான மிடில்வெயிட் வீரர். ஒரே ஆசான், ஒரே பாடம். இருவரும் மெக்சிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸைத் தோல்வியே அறியாத காலத்தில் எதிர்கொண்டார்கள்.

டெய்லர் எதிர்கொண்டது 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். 140 பவுண்டு, அதாவது உங்கள் எடை. அவருடைய கை வேகத்துக்கு முன் சாவேஸ் பல ரவுண்டுகள் திணறினார். மூன்று ஜட்ஜுகளில் இருவரின் தாளில் டெய்லர் வெகுதூரம் முன்னால் இருந்தார். ஆனால் ஐந்து, ஆறு குத்துகளை மின்னலாக வீசி முடித்தபின் அவர் அதே இடத்தில் நின்றார். ஓர் அரை அடி விலகவில்லை, உடலைத் திருப்பவில்லை. சாவேஸ் திருப்பிக் கொடுத்தது ஒன்றோ இரண்டோதான், ஆனால் ஒவ்வொன்றும் கனம். கடைசி ரவுண்டில் கார்னர், அதாவது மூலையில் நின்ற பயிற்சிக் குழு, டெய்லரைப் போய் மோதச் சொன்னது. ஒதுங்கி நின்றிருந்தாலே வெற்றி. அவர் போய் மோதினார், விழுந்தார், எழுந்தார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் சண்டையை நிறுத்தியபோது மீதமிருந்தது 2 விநாடி. அந்த ஆண்டின் சிறந்த சண்டை என்று ‘தி ரிங்’ இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. டெய்லருக்கு முகத்தில் எலும்பு முறிந்திருந்தது, நிறைய இரத்தத்தை விழுங்கியிருந்தார். அதற்குப் பிறகு பழைய டெய்லர் திரும்பி வரவேயில்லை. பிற்காலத்தில் அவர் பேச்சும் குழறிப்போனது.

விட்டேக்கர் எதிர்கொண்டது 1993 செப்டம்பர் 10, சான் அன்டோனியோ. சாவேஸ் அப்போது 87 சண்டையில் 87 வெற்றி. முடிவு டிரா என்று அறிவித்தார்கள். ஒருவர் விட்டேக்கருக்கு 115-113, மற்ற இருவர் 115-115. அந்தத் தீர்ப்பை இன்றுவரை நியாயம் என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. அதை விடுங்கள். நான் பார்க்கச் சொல்வது நடு ரவுண்டுகளை. விட்டேக்கர் ஓடவில்லை. சாவேஸின் சொந்த வீடான நெருக்கத்துக்குள்ளேயே போய் நின்றார், தன் நெற்றியைச் சாவேஸின் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு விலாவில் குத்தினார். டெய்லர் நின்ற அதே தூரம்தான். ஆனால் தலை ஒரு விநாடிகூட ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் வலது கால் சாவேஸின் இடது காலுக்கு வெளியே ஊன்றியது.

தம்பி, இந்த இரண்டில் எது விறுவிறுப்பு, எது தற்காப்பு? விகிதம் கேட்டிருந்தீர்கள். கேள்வியே தவறான தராசில் நிற்கிறது. சாம்பாருக்குப் புளியும் உப்பும் போடுவதுபோல இவற்றைக் கலக்க முடியாது.

சண்டை ஏன் சலிப்பாகிறது என்று யோசித்துப் பாருங்கள். தற்காப்பு மிகுந்ததால் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சலிப்புக்குக் காரணம் தூரம். ஒருவன் ஒரு ஜாபுக்கு (முன் கையின் நேர்க்குத்துக்கு) இரண்டு அடி பின்வாங்குகிறான் என்று வையுங்கள். குத்து படவில்லை, சரி. ஆனால் அவன் திருப்பி அடிக்கவேண்டுமானால் அதே இரண்டு அடியை மறுபடி கடந்து உள்ளே வரவேண்டும். உள்ளே வரும் அந்தக் கணம்தான் குத்துச்சண்டையிலேயே மிக ஆபத்தான கணம், கால் காற்றில் இருக்கும், எடை முன்னால் சரிந்திருக்கும். ஆகவே அவன் குறைவாகத்தான் உள்ளே வருவான். வந்தால் ஒன்று அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வான். 36 நிமிடம் இப்படியே போகும். 2015-இல் மேவெதரும் பாக்கியாவோவும் மோதிய சண்டையில் பட்ட குத்துகளை கம்ப்யூபாக்ஸ் என்ற புள்ளிவிவர நிறுவனம் எண்ணியது: 148-ம் 81-ம். இருவரையும் சேர்த்தால் ரவுண்டுக்குப் பத்தொன்பது. காசு கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்றால் அதில் பிழையில்லை.

இன்னொருவன் அதே ஜாபுக்குத் தலையை நான்கு விரல் மட்டும் விலக்குகிறான். கால் நகரவில்லை. எதிராளியின் கை நீண்டு அவன் காதோரம் போயிருக்கிறது, அது திரும்பி வரும் முன் அவன் குத்து கிளம்பிவிடும். கடக்கவேண்டிய தூரமே இல்லை. நெருங்கி நின்று விலகத் தெரிந்தவன்தான் அதிகமாக அடிக்க முடியும். அவனைப் பார்க்கும் கூட்டமும் இருக்கை நுனிக்கு வரும், ஏனென்றால் ஒவ்வொரு கணமும் படப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அர்ஜென்டினாவின் நிகோலினோ லோசே இதற்குச் சாட்சி. ‘தொடமுடியாதவன்’ என்று பட்டம். 117 வெற்றிகளில் 14 மட்டுமே நாக்அவுட். உங்கள் ஏற்பாட்டாளர் சொல்வதை நம்பினால் அவருக்கு ஆளே வந்திருக்கக்கூடாது. ஆனால் புவெனோஸ் ஐரிஸின் லூனா பார்க் அரங்கம் அவருக்காக நிரம்பி வழிந்தது. கயிற்றில் முதுகைச் சாய்த்து, எதிராளியின் கை எட்டும் தூரத்தில் நின்று, தலையை மட்டும் அசைத்தார். 1968 டிசம்பரில் டோக்கியோவில் பால் ஃபுஜி காற்றிலேயே குத்திக் குத்திக் களைத்து, பத்தாவது ரவுண்டுக்கு நாற்காலியை விட்டு எழவில்லை. இன்னொரு பக்கம் கியூபாவின் ரிகொண்டோ. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற அபாரமான வீரர். 2013-இல் டொனேரை நியூயார்க்கில் தெளிவாக வென்றார், வெளியே நின்றபடியே வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகு சில ஆண்டுகளுக்குப் பெரிய சண்டைகள் அவரைத் தேடி வரவில்லை. இருவரும் தற்காப்பில் மேதைகள். நின்ற இடம் வேறு.

ஜட்ஜின் தாளும் இதையேதான் சொல்லும். தெளிவாகப் பட்ட குத்து, பலன் தரும் முன்னேற்றம், ரிங்கை ஆளும் திறன், தற்காப்பு ஆகிய நான்கையும் பார்க்கவேண்டும் என்பது விதி. நடைமுறையில் முதலாவதுதான் ரவுண்டைத் தீர்மானிக்கிறது. இருபது ஜாபிலிருந்து அழகாக விலகி ஒன்றும் திருப்பிக் கொடுக்காதவன் 9-10 என்று ரவுண்டை இழப்பான்.

சரி, எப்படி விலகுவது? நீங்கள் ஆர்த்தடாக்ஸ், அதாவது இடது கால் முன்னால். எதிராளியின் ஜாபுக்கு வலப்பக்கம் விலகும்போது எடை பின் காலில் இறங்கவேண்டும். அப்போது வலது கை தானாக ஏற்றிவைத்த வில்லாகும். இடப்பக்கம் விலகினால் எடை முன் காலில் இறங்கும், இடது ஹூக் தயாராகும். ஆனால் அந்தப் பக்கம்தான் அவனுடைய வலது கை வரும், ஆகவே உங்கள் கையுறை கன்னத்தை விட்டு அகலக்கூடாது. அசைவு முழங்காலிலும் இடுப்புத் திருப்பத்திலும் பிறக்கவேண்டும். உங்கள் முதல் பிழை இங்கேதான்: இடுப்பை மடித்துக் குனிகிறீர்கள். குனிந்தால் கண் தரையைப் பார்க்கும், கீழிருந்து மேலே எழும் அப்பர்கட் வருவது தெரியாது. இரண்டாவது, ஒரு முழம் விலகுகிறீர்கள். அவ்வளவு போனால் திரும்பி வர நேரமாகும், அதற்குள் அவனுடைய இரண்டாவது குத்து வந்துவிடும். மூன்றாவது, எப்போதும் இடம், வலம், இடம் என்று ஒரே தாளம். நல்ல எதிராளி இரண்டு ரவுண்டில் அந்தத் தாளத்தைப் படித்துவிட்டு, உங்கள் தலை வரப்போகும் இடத்துக்குக் குத்தை முன்கூட்டியே அனுப்புவான். நான்காவது, களைத்ததும் தாடையைத் தூக்கிக்கொண்டு நேர்பின்னால் சாய்கிறீர்கள். முதல் குத்து தப்பும். இரண்டாவது தப்பாது.

தோளை உயர்த்தி உருட்டும் மேவெதர் பாணியை இப்போது காப்பியடிக்க வேண்டாம். இடது கை வயிற்றுக்குக் குறுக்கே கிடக்கும் அந்த நிலை சிறுவயதிலிருந்தே உடம்பில் ஊறியவர்களுக்கானது. அவரையே 2010-இல் மோஸ்லி என்ற வீரர் இரண்டாவது ரவுண்டில் வலது கையால் ஆட்டிவிட்டார். மேவெதர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் பாடம். தூரத்தைக் குறைத்துக்கொண்டு, தானே முன்னேறி வந்து மீதிச் சண்டையை வென்றார்.

பயிற்சி எளிது. துணைவனும் நீங்களும் தரையில் விரித்த ஒரு துண்டின் மேல் முன் காலை வைத்துக்கொள்ளுங்கள். கால் துண்டை விட்டு வரக்கூடாது. முதல் ரவுண்டு, அவன் பாதி வேகத்தில் ஜாப் மட்டும். நீங்கள் விலகல் மட்டும். இரண்டாவது ரவுண்டு, ஒவ்வொரு விலகலுக்கும் கட்டாயம் ஒரு குத்து. மூன்றாவதில் அவன் இரண்டு குத்து வீசுவான், நீங்கள் இரண்டையும் தாண்டியபின் ஒன்று. மூன்று நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, வாரத்துக்கு மூன்று நாள். அதன்பின் மூலைக்கு மூலை தோள் உயரத்தில் கயிறு கட்டி, அதன் அடியில் முழங்காலை மடித்து இடமும் வலமுமாக முன்னேறுங்கள், அதே வழியில் பின்னேறுங்கள். தொடை எரியும். எரியவில்லையென்றால் இடுப்பால் ஏமாற்றுகிறீர்கள். பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடில் நீண்ட தொடர் வீசி முடித்ததும், கடைசிக் குத்தோடு முன் காலை அரை அடி பக்கவாட்டில் ஊன்றித் திரும்புங்கள். தொடரை எண்ணும்போது அந்த அரை அடியையும் ஒரு எண்ணாகச் சேர்த்து எண்ணுங்கள். டெய்லரிடம் இல்லாமல் போனது அந்த ஒரு எண்தான்.

உங்கள் பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள். ஏற்பாட்டாளரிடம் சண்டை போடவேண்டாம், தலையாட்டிவிட்டு வந்து துண்டை விரியுங்கள்.

உங்கள் காணொளியை மூன்று முறை பார்த்தேன். கை அழகாக வருகிறது, இடது ஹூக் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஆனால் எடுத்தவர் இடுப்புக்கு மேலேதான் எடுத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று அனுப்புங்கள். பக்கவாட்டிலிருந்து, கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கால்கள் தெரியவேண்டும்.