கட்டியைக் கரைத்த ஊசியும் அன்றாடக் குளிசையும்

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து (செடிகளை வெட்டிவிடும்) வேலை செய்யும் என் அப்பாவுக்குச் சில மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. ஆதார வைத்தியசாலையில் ஊசி ஏற்றிக் குருதிக்கட்டியைக் கரைத்தார்கள். இப்போது அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் குடிக்கிறார். பல் பிடுங்க வேண்டியிருப்பதால் அவற்றை நிறுத்தலாமா? மீண்டும் அடைப்பு வந்தால் அதே ஊசியை ஏற்றிக்கொள்ளலாம்தானே?
— வாசகி, மஸ்கெலியா

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சகோதரி. அந்த ஊசியும் இந்தக் குளிசைகளும் செய்யும் வேலைகள் வேறு.

இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது, அவ்விடத்தில் குருதியை உறையச்செய்யும் நுண்துணுக்குகளான குருதிச் சிறுதட்டுகள் ஒட்டித் திரள்கின்றன; அத்திரளை ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் பின்னி இறுக்கிவிடுகின்றன. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ் போன்ற ஊசி மருந்துகள் குருதியிலுள்ள பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்ற, அது அந்த இழைகளை அறுத்து அடைப்பைத் திறக்கிறது. வலி தொடங்கி 12 மணித்தியாலங்களுக்குள் இதை ஏற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று மணித்தியாலங்களில்தான் பயன் மிக அதிகம். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வந்து சேரவே நேரமெடுக்கும் நம் மலையகத்தில், வாயுக் கோளாறு என்று இஞ்சிச்சாறு குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. நெஞ்சுவலி வந்தால் உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள்.

ஆனால் அந்த ஊசி மூளையிலும் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், ஆபத்து வேளையில் மட்டுமே, அதுவும் ஆளைப் பார்த்தே கொடுக்கப்படும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பக்டீரியாவிலிருந்து பெறப்படுவது; ஒருமுறை ஏற்றியதும் உடல் அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்கிவிடுவதால், அதையே மறுபடி ஏற்றுவதில்லை.

குளிசைகளோ புதிய கட்டி உருவாகாமல் காப்பவை. சிறுதட்டுகளைத் திரளச் சொல்லும் துரொம்பொக்சேன் உருவாவதை அஸ்பிரின் தடுக்கிறது. ஏடிபி என்னும் இன்னொரு சைகையைக் குளோபிடோகிரெல் மறிக்கிறது. சிறுதட்டின் ஆயுள் 7 முதல் 10 நாட்கள். நாளாந்தம் புதியவை பிறப்பதால் குளிசையும் நாளாந்தம் தேவை. 17,000-க்கும் அதிகமான நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், ஸ்ட்ரெப்டோகைனேஸும் அஸ்பிரினும் தனித்தனியே உயிரிழப்பைக் குறைத்தன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் கூடுதலாகக் குறைந்தது.

பல் பிடுங்கிய இடத்துக் குருதிக்கசிவைப் பஞ்சுத்துணியைக் கடித்தும், தேவையானால் தையல் போட்டும் பெரும்பாலும் அடக்கிவிடலாம். நாடியில் கட்டி மீண்டும் உறைந்தால் உயிரே போகலாம். நாடியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவராயின் அந்த ஆபத்து இன்னும் பெரிது. ஆகவே கிளினிக் கொப்பியைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மாற்றம் ஏதும் தேவையானால் இதய கிளினிக்கில் கேட்டே செய்யட்டும்.

கவ்வாத்துக் கத்தி பட்டாலோ அட்டை கடித்தாலோ அப்பாவுக்குக் குருதி வழமையைவிட நெடுநேரம் கசியும். சுத்தமான துணியால் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடுப்புவலிக்கென்று டைக்குளோஃபெனக், ஐபுபுரோஃபென் குளிசைகளைத் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது. அவை இரைப்பையில் குருதிக்கசிவை ஏற்படுத்தும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மலம் தார் நிறத்தில் போனாலோ, வாந்தியில் குருதி தெரிந்தாலோ, தாமதிக்காமல் அப்போதே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.