வீட்டு ஜெபக்குழுக்கள் ஏன் ஆறு மாதத்தில் படுத்துவிடுகின்றன?

எல்லாக் குழுவுக்கும் பாஸ்டரே போய்ப் பேசுவதுதான் அநேகமாக உங்கள் சிக்கல். தென்கொரியாவின் சியோல் நகரில் இருக்கும் யொய்டோ சபை மாதிரி வீட்டுக்குழு ஆரம்பித்தும் ஆறு மாதத்தில் ஆட்கள் வருவது நின்றுவிட்டது என்கிறீர்கள், ஆனால் அங்கே நடந்தது நேரெதிர். 1958-ல் தொடங்கிய சபை அது. 1964-ல் பாஸ்டர் டேவிட் யோங்கி சோ வேலைப்பளு தாங்காமல் சுருண்டு விழுந்த பிறகுதான், வேறு வழியில்லாமல், குழுக்களைப் பெரும்பாலும் பெண்கள் கையில் கொடுத்தார். அந்தக் காலக் கொரியாவில் அது சாதாரண முடிவு இல்லை. சபை பிரம்மாண்டமாகப் பெருத்தது அதற்கப்புறம்தான்.

சரி, ஒன்று செய்து பாருங்கள்: ஒரு மாதம் பாஸ்டர் எந்தக் குழுவுக்கும் போக வேண்டாம். எது தானாகக் கூடுகிறதோ அதை நடத்துபவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் (யாரும் மேடையேற்றாத ஒரு அம்மாவாகத்தான் இருப்பார்). கூடாததைப் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், தலை எண்ணிக்கையை மட்டும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகின் மிகப்பெரிய சபை என்று பேர் வாங்கிய அதே இடத்தில், சபைக்குப் பண நஷ்டம் ஏற்படுத்திய வழக்கில் 2014-ல் சோவுக்கே தண்டனை விதிக்கப்பட்டது. குழுக்களைப் பிரித்துக் கொடுக்கும்போதே கணக்கை வெளியாள் ஒருவரிடம் தணிக்கைக்குக் கொடுத்துவிடுங்கள்.