குழந்தை சொல்லிவிட்டது, இனி என்ன?

சிறுவர் மீதான பாலியல் வன்முறை பற்றியும், இல்லங்களிலும் விடுதிகளிலும் வளரும் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியும் வந்த கடிதங்களுக்கு, சட்டம், மருத்துவம், குழந்தைகள் நலம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: ஒரு குழந்தைகள் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று, வார்டன் ராத்திரியில் தன்னிடம் தப்பாக நடப்பதாக என்னிடம் சொல்லி அழுதது. நிர்வாகியிடம் சொன்னேன். "நாங்களே விசாரிக்கிறோம். வெளியே தெரிந்தால் இல்லத்தை மூடிவிடுவார்கள். மற்ற பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்" என்கிறார். எனக்கு வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்றைக்கே போலீசுக்குச் சொல்லுங்கள். இரவு அந்த வார்டன் அங்கேதான் இருப்பார் என்றால் இப்போதே சொல்லுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம், 112-ஐ அழைக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் உடனே எட்ட அது வழி. ஆனால் 1098-க்குச் சொன்னதோடு நிறுத்திவிட வேண்டாம். போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவு தகவல் சேர வேண்டிய இடமாகச் சொல்வது காவல் துறையைத்தான்.

நிர்வாகியிடம் சொன்னதால் உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் ராஜுராவில் பள்ளி விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர், நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று வழக்கானது. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாது என்றது.

"நாங்களே விசாரிக்கிறோம்" என்பதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தரும் வாக்கியம். அந்த விசாரணை எப்படிப் போகும் என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, வார்டனை எதிரில் நிற்க வைத்து, "இவரா? நிஜமாகவா?" என்று கேட்பார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று சொல்லிவிடும். அப்புறம் வார்டன் வேறொரு இல்லத்துக்கு மாற்றலாகிப் போவார். அல்லது பிள்ளையை அவசரமாகப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டிலும் குற்றவாளிக்குத்தான் லாபம். சட்டம் உங்களையும் விசாரிக்கச் சொல்லவில்லை, நிர்வாகியையும் விசாரிக்கச் சொல்லவில்லை. விசாரிப்பது போலீசின் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளை சொன்னதை, பிள்ளை சொன்ன அதே சொற்களில், தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடல் உறுப்புக்கு அது என்ன பெயர் சொன்னதோ அதையே எழுதுங்கள். நாகரிகமாக மாற்ற வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். "அங்கே தொட்டாரா? இங்கே தொட்டாரா?" என்று நாம் எடுத்துக் கொடுத்தால், நாளைக்குக் கோர்ட்டில் "இவர் சொல்லிக் கொடுத்தது" என்று வாதாட எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை, உனக்கு உதவி செய்பவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொன்னால் போதும்.

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். பெற்றோர் துணையில்லாமல் இல்லத்தில் இருக்கும் பிள்ளை என்பதால், அதே 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். எங்கே தங்குவது பாதுகாப்பு என்று குழுதான் முடிவெடுக்கும். இல்லத்தில் பொறுப்பில் இருப்பவரே செய்தது என்பதால் சட்டம் இதைக் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது. பலாத்காரம் நடந்திருந்தால் குறைந்தபட்சம் 20 ஆண்டு கடுங்காவல்; பாலியல் நோக்கத்தோடு தொட்டதற்கு 5 முதல் 7 ஆண்டு.

இல்லத்தை மூடினால் பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள் என்பது வெறும் மிரட்டல். சிறார் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, பதிவை ரத்து செய்தால் மறுபடி பதிவு கிடைக்கும் வரை இல்லத்தை அரசே நடத்த வேண்டும். பிள்ளைகளை வேறு இல்லத்துக்கு மாற்றவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு டியூஷன் வீட்டில் நடந்தது நேற்று ராத்திரிதான் தெரிந்தது. நடந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. குளிப்பாட்டிவிட்டேன், துணியும் துவைத்துவிட்டேன். இனி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரயோஜனம் உண்டா?

உண்டு. இந்தப் பத்திரிகையை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தடயம் எடுப்பதற்கான காலம் பொதுவாக 72 மணி நேரம், சில தடயங்களுக்கு 96 மணி நேரம் வரை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். சீக்கிரம் தொடங்கத் தொடங்க நல்லது, 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். துவைத்த துணியில்கூடச் சில நேரம் தடயம் தங்கியிருக்கும். அதையும், துவைக்காத ஜட்டி, படுக்கை விரிப்பு ஏதாவது இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்; ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். ஈரமாக இருந்தால் முதலில் நிழலில் உலர்த்துங்கள்.

"எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா, போலீஸ் மெமோ இருக்கிறதா" என்று கேட்டு எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் கூடவே இருக்கலாம். இரு விரல் சோதனை (பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பது) என்று யாராவது ஆரம்பித்தால் கூடாது என்று சொல்லுங்கள். 2013-லேயே அதைத் தவறு என்ற உச்ச நீதிமன்றம், 2022 அக்டோபரில் அப்படிச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர் ஆவார் என்றது.

ரிப்போர்ட்டில் "காயம் இல்லை" என்று வந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடம்பில் காயம் தெரிவதில்லை. காயம் இல்லாததால் எதுவும் நடக்கவில்லை என்று எந்த மருத்துவரும் எழுதக் கூடாது.

கேள்வி: என் கணவரின் தம்பியைப் பற்றி என் பதினொரு வயது மகள் பள்ளியில் டீச்சரிடம் சொல்லி, கேஸ் ஆகிவிட்டது. இப்போது "சும்மா சொன்னேன்" என்கிறாள். மாமியார், "பொய் கேஸ் போட்டால் நம்மைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள், பேசி முடித்துவிடலாம்" என்கிறார். எதை நம்புவது?

அவள் முதலில் சொன்னதை நம்புங்கள். சொன்னதற்குப் பிறகு அவள் என்னென்ன பார்த்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டி அழுகிறார். அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பா ஜெயிலுக்குப் போகிறார். நீங்களும் யாரோடும் பேசுவதில்லை. எல்லாம் தன்னால் வந்தது என்று நினைக்கும் குழந்தை, வீட்டைச் சரிசெய்யத் தன்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்கிறது: சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. செய்தவர் சொந்தத்தில் இருக்கும் வழக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது. பல வழக்குகள் தோற்பதும் இங்கேதான். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்ட 12,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் 53 சதவீதத்தினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். அந்தத் துணிச்சலை வீட்டில் யாரும் நசுக்கக் கூடாது.

பொய்ப் புகாருக்குத் தண்டனை என்பது வேண்டுமென்றே பழிவாங்கப் பொய் சொல்லும் பெரியவர்களுக்குத்தான். குழந்தை சொன்னதே பொய்யாக இருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது என்று போக்சோவின் 22-ஆம் பிரிவே சொல்கிறது. பேசி முடிக்கவும் வழியில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கைச் சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது.

அவர் ஜாமீனில் வந்தால் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. மகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. தண்டனை தனக்குத்தான் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். குழந்தைகள் நலக் குழுவிடம் துணை நபர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் எங்கும் கூடவே வரும் ஆள் அவர். சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்குக் குழு உடனடிப் பணத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது அவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வக்கீலும் நேராகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். இதை இன்றே மகளிடம் சொல்லுங்கள். அவள் பயத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: புகார் கொடுத்தால் ஸ்டேஷனில், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போதுமா?

போதாது. இது போன்ற புகாரில் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். அதன் நகல் இலவசம். போட மறுத்தால் எஸ்.பி.க்கு, மாநகரமாக இருந்தால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த படி மாஜிஸ்திரேட். புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கும் போக்சோவின் 21-ஆம் பிரிவு பொருந்தும். சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்பதும் காரணமாகாது.

கேள்வி: எங்கள் நண்பர்கள் குழு ஒரு இல்லத்துக்கு மாதாமாதம் உதவி செய்ய நினைக்கிறது. நல்ல இல்லமா என்று போய்ப் பார்த்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டினால் அது போதாது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆம் பிரிவுப்படி இல்லத்துக்கே தனிப் பதிவு வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழக அனாதை இல்லங்கள் பற்றிய வழக்கில்தான், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எல்லா இல்லங்களையும் பதிவு செய்து முடிக்க உத்தரவிட்டது. பள்ளி விடுதி போன்றவையாக இருந்தால், தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ஆலோசனைப் பெட்டியைத் தேடுங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் அந்த இல்லத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். சிறார் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி அது ஆபீஸ் பக்கம் இருக்கக் கூடாது, பிள்ளைகள் படுக்கும் அறைக்கு அருகில் இருக்க வேண்டும். சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம். இல்லத்தில் யாரிடமும் அல்ல. வாரம் ஒருமுறை, பிள்ளைகள் குழு உறுப்பினர்களின் முன்னிலையில் திறக்க வேண்டும். பல இடங்களில் பெட்டி கண்காணிப்பாளர் மேசைக்கு எதிரில் தொங்கும், சாவி அவர் டிராயரில் இருக்கும். எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? பெட்டிக்குள் தூசி மட்டும் இருந்தால் "குறை எதுவும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு எரிகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பத்துப் பிள்ளைக்கு ஒரு குளியலறையாவது இருக்கிறதா, பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் படுக்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குள்ளேயே பெரியவர்கள் சின்னவர்களைத் தொந்தரவு செய்வதும் உண்டு. நெருக்கடியும் இருட்டும் அதற்கு இடம் கொடுக்கும். சமையல்காரர், டிரைவர், வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்; வாரம் ஒருமுறை வரும் யோகா மாஸ்டரையும் சேர்த்துத்தான்.

சுத்தமான தரையையும் ஒழுங்கான ரெஜிஸ்டரையும் வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பீகாரின் முசாஃபர்பூர் சிறுமியர் இல்லத்துக்கு அதிகாரிகள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு, 2017-18-இல் மாநிலத்தின் 110 இல்லங்களைத் தணிக்கை செய்தபோது பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. அதற்குப் பிறகுதான் அங்கே சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளான உண்மை வெளியே வந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. எங்களைக் கேட்டால், ஒரு இல்லத்தின் பாதுகாப்பை இதை வைத்துத்தான் அளப்போம்: ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தெரிந்த ஒரு வெளியாளிடம் பிள்ளையால் பேச முடிகிறதா? மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும்; குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவர். கடைசியாக எப்போது வந்தார்கள், பிள்ளைகளோடு தனியாகப் பேசினார்களா என்று கேளுங்கள்.

நீங்களும் சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் பிள்ளைகளின் முகம் தெரிய ஃபோட்டோ போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். எந்தப் பிள்ளையையும் தனியாக வெளியே கூட்டிப் போகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கும் நன்கொடையாளருக்கு இல்லை என்று சொல்லும் இல்லத்துக்குத் தயங்காமல் பணம் கொடுங்கள்.

கேள்வி: பையன்களுக்கும் போக்சோ சட்டம் உண்டா?

உண்டு. 18 வயதுக்குக் கீழ் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். அந்த 2007 ஆய்விலும் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் பையன்கள். "ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்று பெரியவர்கள் சொல்வதால்தான் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

கேள்வி: நான் 23 வயதுப் பெண். 12 வயதில் நான் வளர்ந்த இல்லத்தில் நடந்ததை இப்போது சொல்லலாமா? அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

சொல்லலாம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது, உங்களுக்கு நடந்தது அதற்குப் பிறகுதான். கடுமையான குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது. மூன்று ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சிறிய குற்றங்களுக்குத்தான் வரம்பு உண்டு.

மருத்துவத் தடயம் இருக்காது. அதற்குப் பதிலாக ஆவணங்களைத் திரட்டலாம். எந்தத் தேதியில் எந்த இல்லத்தில் இருந்தீர்கள் என்பதற்குக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால் அவர் பெயர், கூடப் படுத்த தோழிகளின் பெயர்கள். தோழிகளிடம் நடந்ததை விவரித்து "உனக்கும் இப்படியா" என்று கேட்காதீர்கள். அதைப் போலீஸ் கேட்கட்டும். பெண் என்பதால் வருமானம் எதுவானாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். வக்கீலோடு உட்கார்ந்து புகாரை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகலாம். அந்த ஆள் இப்போதும் பிள்ளைகளோடு இருக்கிறார் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மற்ற விவரங்களைத் திரட்ட நாள் பிடித்தாலும், அந்த ஒன்றை மட்டும் இன்றே 1098-க்குச் சொல்லிவிடலாம்.