கணவர் வேலை மாறுகிறார்: விசாவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் உப்புவெளியில் ஐந்து வயது மகளோடு இருக்கிறேன். கணவர் 2023 செப்டெம்பரில் கெயார் வேர்க்கராக, அதாவது பராமரிப்புப் பணியாளராக, இங்கிலாந்து போனவர். ஹெல்த் அண்ட் கெயார் விசா 2028 செப்டெம்பர் வரை இருக்கிறது. கணக்கியல் படித்தவர் என்பதால் இப்போது ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 32,400 பவுண்ஸ் சம்பளத்தில் அக்கவுண்டன்ட் வேலை தருகிறது. ஸ்கில்ட் வேர்க்கர் (திறன்சார் தொழிலாளர்) விசாவுக்கு மாறவேண்டுமாம். அதற்கு வேலை தரும் நிறுவனம் ஒதுக்கும் ஸ்பொன்சர் சான்றான சிஓஎஸ்ஸை எடுத்துத் தர 6,000 பவுண்ஸ் வேண்டும் என்கிறார் ஒரு முகவர். கணவரிடம் 5,200 பவுண்ஸ் சேமிப்பு உண்டு. இங்கே 26 இலட்சம் ரூபா நிலையான வைப்பில், நான்கு மாதத்தில் முதிரும். வைப்பை உடைத்து, நகையையும் அடகு வைத்து, மூவரும் சேர்ந்தே புது விசாவுக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, முதலில் முகவருக்கு ஒரு பவுண்கூடக் கொடுக்கவேண்டாம். சிஓஎஸ்ஸின் உண்மையான கட்டணம் 525 பவுண்ஸ். அதைக் கட்டவேண்டியது வேலை தரும் நிறுவனம். 2024 டிசம்பர் 31 முதல் அதைத் தொழிலாளியிடம் அறவிடுவதற்குத் தடை இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளியை எடுப்பதற்காக நிறுவனம் கட்டும் திறன் வரியையும் அவர் தலையில் போடமுடியாது. சிஓஎஸ்ஸை விற்பது பிடிபட்டால் நிறுவனத்தின் உரிமம் போகும், உங்கள் கணவரின் விசா பொதுவாக 60 நாளாகச் சுருங்கும். காசும் திரும்பி வராது. நிறுவனத்தின் பெயர் பிரித்தானிய அரசின் உரிமம் பெற்ற ஸ்பொன்சர் பட்டியலில் ஸ்கில்ட் வேர்க்கர் பிரிவில் இருக்கிறதா என்று அவரே இணையத்தில் பார்க்கட்டும். அந்தப் பட்டியல் இலவசம்.

அடுத்தது செலவு. இரண்டு விசாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் விண்ணப்பக் கட்டணம் அல்ல, அங்குள்ள அரச மருத்துவ சேவைக்காக அறவிடும் சுகாதார மேலதிகக் கட்டணம். கெயார் விசாவில் அது இல்லை. ஸ்கில்ட் வேர்க்கரில் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ஸ், பிள்ளைக்கு 776. விசாக்காலம் முழுவதற்கும் ஒரே தடவையில் கட்டவேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் வந்த கட்டணப்படி மூன்று ஆண்டுக்கு, இங்கிலாந்துக்குள் இருந்து போடும் அவருக்கு விண்ணப்பக் கட்டணம் 885 உடன் சுகாதாரக் கட்டணம் 3,105 சேர்த்து 3,990. இங்கிருந்து போடும் உங்களுக்கு 769 உடன் 3,105 சேர்த்து 3,874. மகளுக்கு 3,097. மொத்தம் 10,961 பவுண்ஸ். ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தாலே ஏறத்தாழ 44 இலட்சம். விண்ணப்பம் போடும் நாளில் கட்டணத்தை மறுபடி பாருங்கள், அது அடிக்கடி ஏறுகிறது.

ஆனால் மூவரும் சேர்ந்து போடத் தேவையில்லை. 2024 மார்ச் 11க்கு முன் கெயார் வேர்க்கராக ஸ்பொன்சர் செய்யப்பட்டு, இடைவெளி இல்லாமல் அந்த விசாவிலேயே இருப்பவர் குடும்பத்தை இன்னும் அழைக்கலாம். உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் வருகிறார். அவர் கெயார் வேலையில் இருக்கும்போதே நீங்களும் மகளும் அவரில் தங்கியிருப்பவர்களாக விண்ணப்பித்தால், அதே 2025 கட்டணப்படி ஆளுக்கு 304, இருவருக்கும் 608 பவுண்ஸ். சுகாதாரக் கட்டணம் இல்லை. விசா அவருடைய இப்போதைய முடிவுத் திகதி வரை வரும். அவர் பிறகு வேலை மாறினாலும் உங்கள் விசா தன் திகதி வரை செல்லும். உங்கள் இருவருக்கும் 6,971 கட்டவேண்டிய இடத்தில் 608. 2028இல் புதுப்பிக்கும்போது சுகாதாரக் கட்டணம் வரத்தான் செய்யும், ஆனால் அதற்குச் சேமிக்க அவகாசம் இருக்கும். நிரந்தர வதிவிடத்துக்கான உங்கள் காலக்கணக்கும் முன்னதாகவே தொடங்கும்.

இதில் வரிசை தவறக்கூடாது. உங்கள் இருவரின் விசாவும் கைக்கு வரும்வரை அவர் புது விண்ணப்பம் போடக்கூடாது. சிஓஎஸ் ஒதுக்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், அதைச் சற்றுப் பொறுத்து ஒதுக்கும்படி நிறுவனத்திடம் சொல்லட்டும். உங்கள் விண்ணப்பத்துக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், கொழும்புக்குப் போகவேண்டிவரும். விவாக, பிறப்புப் பதிவுகளின் சான்றுப்படுத்திய பிரதிகளையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இப்போதே எடுத்துவையுங்கள். பெயரின் எழுத்துக்கள் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்களைப் பராமரிக்க வசதி உண்டு என்று காட்ட, உங்களுக்கு 285, மகளுக்கு 315 என 600 பவுண்ஸ் அவருடைய கணக்கில் 28 நாள் குறையாமல் இருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பார்கள்.

சம்பளம்தான் எனக்குக் கவலையான இடம். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்குப் புதிதாக வருபவருக்கு ஆண்டுச் சம்பளத்தின் கீழ் எல்லை 41,700 பவுண்ஸ். 2024 ஏப்ரல் 4க்கு முன்பிருந்தே தொடர்ந்து இந்த வழியில் (கெயார் விசாவும் இதில் சேரும்) இருப்பவருக்கு 31,300, அல்லது அந்தத் தொழிலுக்கு உரிய சம்பளம், இரண்டில் எது கூடவோ அது. ஆகவே சிஓஎஸ்ஸில் எந்த நான்கு இலக்கத் தொழில் குறியீடு வரும் என்று எழுத்தில் கேட்டு, பிரித்தானிய அரசின் சம்பள அட்டவணையில் அந்தக் குறியீட்டின் சம்பளத்தைப் பார்க்கட்டும். அடிப்படைச் சம்பளம் மட்டுமே கணக்கு, ஓவர்டைம் சேராது.

விசாச் செலவை நிறுவனம் கடனாகத் தந்து சம்பளத்தில் கழிப்பதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லட்டும். 2025 ஏப்ரலிலிருந்து அப்படிக் கழிக்கும் தொகையைச் சம்பளத்தில் குறைத்துத்தான் எல்லையைப் பார்க்கிறார்கள். 3,990ஐ 36 மாதத்தில் கழித்தால் ஆண்டுக்கு 1,330. 32,400 அப்போது 31,070 ஆகிறது, எல்லைக்குக் கீழே. நிறுவனம் தானாகவே கட்டினால் நல்லது, கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. சிஓஎஸ் மூன்று ஆண்டைத் தாண்டாமல் இருக்கட்டும், தாண்டினால் 885 என்பது 1,751 ஆகிவிடும்.

அவர் விண்ணப்பித்துவிட்டு முடிவு வரும்வரை பழைய வேலையிலேயே இருக்கவேண்டும். சாதாரணமாக எட்டு வாரம். ராஜினாமாக் கடிதம் விசா வந்தபிறகு. இடையில் ஊருக்கு வந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், எவ்வளவு அவசரம் என்றாலும் யோசிக்கவேண்டும்.

இந்த மாற்றம் தேவைதானா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், தேவை. 2025 நவம்பரில் பிரித்தானிய அரசு வெளியிட்ட முன்மொழிவில் நிரந்தர வதிவிடத்துக்கு அடிப்படைக் காலம் 10 ஆண்டு, பட்டதாரித் தரத்துக்குக் குறைந்த வேலைகளுக்கு 15 ஆண்டு. கெயார் வேலை அந்தப் பதினைந்தில் விழுகிறது.

இனிக் காசு. 608உம் 3,990உம் சேர்ந்து 4,598 பவுண்ஸ், அவருடைய 5,200க்குள் அடங்கும். உங்கள் விண்ணப்பக் கட்டணத்தையும் அவரே அங்கிருந்து தன் கார்டில் கட்டலாம். ரூபாவைப் பவுண்ஸாக்கி வங்கிக்கு மாற்று வித்தியாசம் கொடுக்கும் வேலையே இல்லை. மிஞ்சுவது 602தான், ஆகவே வைப்பை முதிரும்வரை விடுங்கள். விமான டிக்கெட்டும் அங்கே வீட்டு முற்பணமும் அதிலிருந்து வரட்டும். இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கமுடியாது. முந்தி அவசரம் வந்தால் வைப்பை உடைக்காமல் அதன்மேல் கடன் கேளுங்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்றால், வட்டியில் 10 சதவீத வரி பிடிக்காமலிருக்க வங்கியில் சுய பிரகடனம் கொடுங்கள்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். இந்தக் கணக்கில் அதற்கு வேலை இல்லை.