வரைபடத்தில் குத்திய முத்திரை உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: டிசைன்-பில்டு முறையில் (வடிவமைப்பும் கட்டுமானமும் என் பொறுப்பு) நகராட்சி நூலகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். முதல் மாடியில் புத்தக அலமாரிகளை ஏற்றிய நான்காம் மாதம் ஸ்லாப் தொய்ந்து விரிசல் விட்டது. எல்லா வரைபடங்களிலும் ஒப்புதல் முத்திரை குத்தியது நகராட்சிப் பொறியாளர்தான். இப்போது அவரே என்னைத் திருடனைப் போலப் பேசுகிறார். கடைசி பில்லும் நிற்கிறது. என் செலவில் சரிசெய்வதாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதை அனுப்பட்டுமா, வழக்குப் போடட்டுமா?

பதில்: அந்தப் பொறியாளர் பேசிய பேச்சை மறந்துவிடுங்கள். எந்த நடுவரும் அதைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரி: முடிந்த கட்டடம் 'உரிய நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும்'. நகராட்சி தந்த தேவைக் குறிப்பில் முதல் மாடி புத்தக அடுக்குகளுக்கு என்று இருக்கிறது. உங்கள் கணக்குத்தாளோ அந்தத் தளத்துக்கு அதைவிடக் குறைவான வாசிப்பறை எடையைப் போட்டிருக்கிறது.

முத்திரை விஷயம்: உங்கள் ஒப்பந்தம் ஃபிடிக் மஞ்சள் புத்தகத்தின் (பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம்) 1999 பதிப்பைத் தழுவியது. ஒப்புதல் கிடைத்ததால் ஒப்பந்ததாரரின் பொறுப்பு குறையாது என்று அதன் 5.2 பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

"கவனமாகத்தானே செய்தோம்" என்பதும் நிற்காது. கடலில் காற்றாலை அடித்தளம் அமைத்த ஒரு டென்மார்க் ஒப்பந்ததாரர், சர்வதேசத் தரக்குறிப்பை அப்படியே பின்பற்றினார். தவறு அந்தத் தரக்குறிப்பின் சூத்திரத்திலேயே இருந்தது. தாங்குதிறனைச் சுமார் பத்து மடங்கு கூட்டிக் காட்டியது. 20 ஆண்டு ஆயுள் என்று ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதால், 2.6 கோடி யூரோவுக்கு மேலான சீரமைப்புச் செலவு அவர் தலையில்தான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்த்துவிட்டது.

உங்களைப் போன்ற ஒப்பந்ததாரர்கள் விழும் குழி இதற்கு அடுத்தது. நகராட்சிக்கு நீங்கள் தந்த வாக்கு, கட்டடம் தாங்கும் என்பது. உங்கள் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் உங்களுக்குத் தந்த வாக்கு, நியாயமான கவனத்தோடு வேலை செய்வார் என்பது மட்டும். தொழில்சார் காப்பீடும் பெரும்பாலும் கவனக்குறைவுக்குத்தான் பணம் தரும்; அதற்கு மேல் ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்ற பொறுப்புக்குத் தராது. ஆகவே உங்களுக்கு நல்லது செய்யக்கூடியது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், எடைக் கணக்கில் உங்கள் பொறியாளர் கோட்டைவிட்டார் என்பதுதான். அவரைக் காப்பாற்ற "எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்தோம்" என்று எழுதினால் காப்பீட்டுக் கதவை நீங்களே சாத்திவிடுகிறீர்கள்.

அந்தக் கடிதத்தையும் அனுப்பாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பாலிசியே கையை விரிக்கலாம். முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உங்கள் பொறியாளருக்கும் எழுத்தில் நோட்டீஸ். அலமாரிகளை இறக்கச் சொல்லி நகராட்சிக்கு இரண்டு வரி, அவ்வளவுதான்.

அப்புறம் சமரசம். காப்பீட்டு நிறுவனம் தலையாட்டியதும், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், ஸ்லாபுக்கு அடியில் இரும்பு உத்திரம் கொடுத்துப் பலப்படுத்தித் தருவதாகச் சொல்லுங்கள். பதிலுக்குக் கடைசி பில்லின் பணத்தையும், நகராட்சியிடம் நீங்கள் கொடுத்துவைத்த பேங்க் கியாரண்டியையும் திருப்பிக் கேளுங்கள். கியாரண்டி கேட்டவுடன் பணம் தரும் வகை என்பதால், நீங்கள் வழக்குப் போட்ட மறுநாளே அதை அவர்கள் பணமாக்கிக்கொள்ள முடியும்.