வீட்ல நாலு தையல் மெஷின், நடக்க வழியில்ல: எதை வெச்சுக்கறது, எதைக் குடுக்கறது?

மெஷின் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சும்மா தாங்க சொன்னேன், இத்தனை பேர் வருவீங்கன்னு நெனைக்கல. நான் திருப்பூர்ல இருபத்திரண்டு வருஷமா தைக்கிறேன், பாதி கம்பெனில, மீதி வீட்ல. பத்துக்குப் பத்து ரூம்ல ஒரு காலத்துல அஞ்சு மெஷின் கெடந்துச்சு, ராத்திரி பாய் விரிக்கணும்னா துணி ஓரம் பிரியாம அடிக்கற ஓவர்லாக் மெஷினை வாசலுக்குத் தள்ளணும். இப்ப ரெண்டு தான். அந்த அனுபவத்துல சொல்றது, மெக்கானிக் படிப்பெல்லாம் கெடையாது.

கேள்வி: அக்கா, அம்பத்தூர்ல சிங்கிள் பெட்ரூம் வீடு. மாமியார் குடுத்த பழைய மிதி மெஷின், உஷா ஜனோம் ஒண்ணு, செகண்ட்ஸ்ல வாங்குன ஜூக்கி பவர் மெஷின் ஒண்ணு. ஹாலே போச்சுன்னு வீட்டுக்காரர் தினமும் பாட்டு. எதைத் தள்றது?

பதில்: மொதல்ல எழுந்து போயி மூணுலயும் என்ன கலர் நூல் கோத்திருக்குன்னு பாரு கண்ணு. என் ஜிக்ஜாக் மெஷின்ல ஒரு நாள் பாத்தா மெரூன் நூல், எதுக்குடா மெரூன்னு யோசிச்சா பொண்ணோட ஸ்கூல் யூனிஃபார்முக்குப் போட்டது, அவ காலேஜே முடிச்சுட்டா. அன்னிக்கே அதைக் குடுத்துட்டேன்.

அடுத்தது, ஒண்ணு செய்யற வேலையையே இன்னொண்ணும் செய்யுதான்னு பாரு. ஜூக்கி நேர்தையல் மட்டுந்தான், ஆனா பறக்கும். மிதி மெஷினும் நேர்தையல் தான், கரண்ட் போனாலும் ஓடும். ஜனோம்ல ஜிக்ஜாக், காஜா எல்லாம் வரும், வேலை முடிஞ்சா தூக்கி அலமாரில வெச்சுரலாம், அதனால அது இருக்கட்டும். மீதி ரெண்டும் ஒரே வேலைக்கு ரெண்டு ஆளு. வெளி ஆர்டர் வாரம் அஞ்சாறு ப்ளவுஸாவது வருதுன்னா ஜூக்கிய வெச்சுக்கோ, வெறும் நம்ம வீட்டுத் துணி தான்னா நாலடி டேபிளுக்கு நீ வாடகை கட்டிட்டு இருக்க, அவ்ளோதான். சும்மா நிறுத்தி வெச்சாலும் அது நல்லாருக்காது, அடியில தட்டுல நிக்கிற ஆயில் மெஷின் ஓடுனாத்தான் மேல ஏறும். மோட்டார் கிளட்ச்சா சர்வோவான்னும் பாரு, கிளட்ச்சுன்னா நீ தைக்காம பாபின் மாத்திட்டு உக்காந்திருந்தாலும் உர்ர்ருனு சுத்திக்கிட்டே கரண்ட் தின்னும், சர்வோ மிதிச்சா மட்டுந்தான் ஓடும். விக்கறப்பவும் சர்வோ போட்டதுக்குத் தான் ஆள் வரும்.

கேள்வி: தாத்தாவோட சிங்கர் மெஷின் இருக்குங்க. உள்ள ரெட் மெர்குரி இருந்தா லட்சக்கணக்குல வாங்கிக்கறோம்னு ஒருத்தர் போன்ல சொல்றார். வெச்சிருக்கலாமா?

பதில்: அண்ணா, போனை வெச்சுருங்க. 2009ல சவுதில இதே வதந்தி கெளம்பி, உள்ள ரெட் மெர்குரி இருந்தா ஊசிகிட்ட செல்போனைக் கொண்டுபோனதும் லைன் கட்டாகும்னு சொல்லிச் சொல்லி பழைய சிங்கருக்கு ஜனங்க அடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் எல்லாம் டூப்புன்னு ஆச்சு. அரிசியை இழுக்கற கலசம்னு ஏமாத்தற நம்மூரு ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம் எல்லாம் அதே குடும்பம். உங்க மெஷின் பலகைல வலது பக்கம் பொறிச்ச நம்பரைப் பாருங்க, E-ல தொடங்கற ரெண்டு இங்கிலீஷ் எழுத்து முன்னாடி இருந்துச்சுன்னா பெரும்பாலும் ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் ஃபேக்டரில செஞ்சது, அந்த ஃபேக்டரியே 1980ல மூடியாச்சு. நல்ல இரும்பு, நல்லா தைக்கும், அதுக்கு மேல உள்ள ஒண்ணும் இல்லைங்க.

கேள்வி: அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு அக்கா. எனக்குத் தைக்கவே தெரியாது. அவங்க மெஷின் பெட்ரூம்ல பாதி இடத்தை அடைச்சிட்டு நிக்குது, குடுக்கவும் மனசில்ல.

பதில்: குடுக்க வேணாம்டா. இடத்தை அடைக்கிறது ஸ்டாண்டும் பலகையும் தான், மெஷின் இல்ல. ஹெட்டை, அதான் தைக்கிற மேல் பாகத்தை, பின்பக்கமா சாய்ச்சா கீல் இருக்கற இடத்துல அடியில ரெண்டு ஸ்க்ரூ தெரியும், பெல்ட்டைக் கழட்டிட்டு அதை லூஸ் பண்ணா ஹெட் தனியா வந்துரும். பத்துப் பன்னெண்டு கிலோ இருக்கும், கூட ஒரு ஆளை வெச்சுக்கோ. ஒரு மரப்பெட்டில உக்கார வெச்சு கைப்பிடி மாட்டுனா கை மெஷின், கட்டிலுக்கடியில போயிரும். கழட்டும்போது ட்ராயரை அவசரப்பட்டு குப்பைல கொட்டிறாத. எங்கம்மா ட்ராயர்ல ஊக்கு, உடைஞ்ச சாக்பீஸு, என் சின்ன வயசு கவுனோட பட்டன் ரெண்டு இருந்துச்சு. எனக்கு அந்த டப்பா போதும்னு தோணுச்சு, மெஷினைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்.

கேள்வி: ஓவர்லாக் மெஷின் தேவையா?

பதில்: உங்க தெருவுல பீஸ் கணக்குல அடிச்சுத் தர்ற கடை இருந்தா தேவையில்ல. ஆனா அந்தக் கடை நாளைக்கும் இருக்குமான்னு யாருக்குத் தெரியும், நான் ஜிக்ஜாக்கைக் குடுத்த மூணாம் மாசம் எங்க தெருவுல அதே மாதிரி மெஷின்ல சேலை ஓரத்துக்கு பீக்கோ போடற அக்கா கடைய மூடிட்டாங்க, இப்ப ஒரு சேலைக்கு ரெண்டு கிலோமீட்டர் வண்டில போறேன். கடுப்பு தான். ஆனாலும் பாய் விரிக்க இடம் இருக்கு.

கேள்வி: ஆரி எம்பிராய்டரி கிளாஸ் முடிச்சு மூணு வருஷம். ஒரு ஆர்டரும் எடுக்கல. கட்டில் மாதிரி அந்த ஃபிரேம் சுவத்துல சாஞ்சே நிக்குது.

பதில்: குடுத்துரு. ஊசி, ரிங் ஸ்டாண்டு ரெண்டையும் வெச்சுக்கோ, ஸ்லீவ் மட்டும் போடறதுக்கு அதுவே போதும். ஜர்தோசி ஜரிகையை டப்பால தொறந்து வெச்சிருந்தா இந்நேரம் கறுத்திருக்கும், பாத்துட்டு சேத்துக் குடு.

கேள்வி: பெசன்ட் நகர், மெஷினை பால்கனில மூடி வெச்சிருக்கேன். தேங்காய் எண்ணெய் விட்டேன், இப்ப சுத்தவே மாட்டேங்குது. இரும்புக் கடைக்குப் போட்டுரலாமா?

பதில்: ஐயோ. தேங்காய் எண்ணெய் பசையாயிரும், அதுவும் கடல் காத்து வேற. உடனே போட்டுராதீங்க, எண்ணெய் ஓட்டை எல்லாத்துலயும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வெச்சு மெதுவா சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்க, எளகுனதும் துடைச்சுட்டு மெஷின் ஆயில் விடுங்க. அப்புறம் பால்கனில வைக்காதீங்க. உள்ள இடமில்லைன்னா, ஓடற நிலைமையிலயே யாருக்காவது குடுத்துருங்க.

கேள்வி: யாருக்குக் குடுக்கறது? கடைல எக்ஸ்சேஞ்ச்ல அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க.

பதில்: பக்கத்துல டெய்லரிங் கிளாஸ் எங்க நடக்குதுன்னு பாத்து அங்க சொல்லிவைங்க. சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல கவர்மென்ட் இலவச மெஷின் திட்டம் இருக்கு, ஆனா எழுதிப் போடறவங்க எல்லாருக்கும் கெடைச்சுருதா என்ன, கத்துக்கிட்டு மெஷின் இல்லாம உக்காந்திருக்கற பொண்ணுங்க கண்டிப்பா இருப்பாங்க. பாபின் கேஸோட குடுங்க, அது இல்லாம குடுத்தா வாங்குனவங்க மொத நாளே கடைக்கு அலையணும். வெலைக்குன்னா மெல்லிசான வாயில் துணில ஒண்ணு, ஜீன்ஸ் துணில ஒண்ணு தைச்சு அந்தத் துணியையே காட்டுங்க, பேரம் பாதி கொறையும்.

கேள்வி: மெஷின் ஒண்ணு தான் அக்கா, நூல் கோன் மட்டும் ரெண்டு மூட்டை இருக்கு!

பதில்: ஒவ்வொண்ணுலயும் ஒரு முழம் இழுத்து ரெண்டு கையாலயும் வெடுக்குன்னு சுண்டிப் பாரு. டிக்குனு அறுந்தா இத்துப் போச்சு, தூக்கிப் போடு. கையை அறுக்கற மாதிரி நின்னா வெச்சுக்கோ, எனக்கு நேவி ப்ளூ ரெண்டு கோன் வேணும்.